இருவராக முதுகுப்பையுடன் வியட்நாம்: அன்றாட வசதிகளும் அன்றாடச் சிக்கல்களும்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: திருமணமாகி மூன்று ஆண்டுகளான நீங்களும் உங்கள் கணவரும் வரும் மார்ச் மாதம் ஆளுக்கொரு முதுகுப்பையுடன் நான்கு வாரம் வியட்நாமில் சுற்றப் போகிறீர்கள். நீங்கள் சைவம், அவர் அசைவம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் தயாராக இருக்கிறது. ஆனால் உண்பதும் உறங்குவதும் துவைப்பதும் எப்படி நடக்கும், எங்கே இடறுவோம் என்பதுதான் உங்கள் கவலை. நானும் என் கணவரும் ஹனோயில் தொடங்கிச் சைகோனில் (சீட்டுகளில் ஹோ சி மின் நகரம் என்று இருக்கும்) முடியும் இதே வழியில் இரண்டு முறை சென்று வந்திருக்கிறோம் என்பதால், இடங்களை விட்டுவிட்டு உங்கள் கவலைக்கே விரிவாகப் பதில் சொல்கிறேன்.

எங்களுக்கு அங்கே நேர்ந்த தொல்லைகளை இப்போது நினைத்துப் பார்த்தால், திருட்டோ ஏமாற்றோ அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஏறக்குறைய எல்லாமே ஒரே வாக்கியத்தில் போய் முடிந்தவை: “உன்கிட்ட இருக்குன்னு நெனச்சேன்.” தனியாகச் செல்பவர் தன் பையைத் தானே பார்த்துக்கொள்வார். இருவராகச் செல்லும்போது, மற்றவர் பார்த்திருப்பார் என்று இருவருமே நம்பிவிடுகிறோம். ஆகவே எது யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி இந்தப் பதிலில் திரும்பத் திரும்ப வரும்.

முதல் பயணத்தில் ஹனோயிலிருந்து ஹுவே செல்லும் இரவு ரயிலுக்காக நிலையத்தை அடைந்த பிறகுதான், இருவரின் பாஸ்போர்ட்டும் விடுதியின் வரவேற்பு மேசையிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. வெளிநாட்டவர் தங்கினால் அந்த விவரத்தை விடுதிக்காரர் காவல்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதற்காக உள்ளே நுழைந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். என்னிடம் திருப்பித் தந்திருப்பார்கள் என்று அவரும், அவரிடம் தந்திருப்பார்கள் என்று நானும் நினைத்தோம். அவர் பைக் டாக்சியில் விடுதிக்கு விரைய, நான் இரண்டு பைகளுக்கு நடுவே நடைமேடையில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்ப ஆறு நிமிடம் இருக்கையில் அவர் திரும்பி வந்தார். பதிவு முடிந்ததும் அன்றிரவே இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு அவரவர் பாஸ்போர்ட் அவரவர் உடம்போடு இருக்கட்டும். ஒருவர் இரண்டையும் சுமப்பது அக்கறையாகத் தோன்றும், ஆனால் அந்த ஒரு பை தொலைந்தால் இருவருமே மாட்டிக்கொள்வீர்கள். பாஸ்போர்ட் தொலைந்தே போனால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்து மூலமான சான்று வாங்க வேண்டும். பிறகு ஹனோயில் இந்தியத் தூதரகத்தையோ சைகோனில் உள்ள துணைத் தூதரகத்தையோ அணுகி, ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் பெற வேண்டும். அதன் மேல் வியட்நாம் குடிவரவு அலுவலகத்தின் வெளியேறும் அனுமதியும் தேவைப்படும். பல நாள் வேலை அது.

விசாவில் நம் தமிழ்ப் பெயர்களுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. தலைப்பெழுத்தோடு வாழ்பவர்களுக்கு, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், அல்லது அந்த இடமே காலியாக இருக்கும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் சேர்ந்திருந்தால் இன்னொரு குழப்பம். வியட்நாமின் இ-விசா விண்ணப்பத்தையும் விமானச் சீட்டையும் நிரப்பும்போது வீட்டில் எப்படி எழுதுகிறீர்கள் என்பதை மறந்துவிட்டு, பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, அங்கே எந்த எழுத்தில், எந்த வரிசையில் பெயர் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். 2023 ஆகஸ்ட் 15 முதல் இந்த விசா 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். எந்த விமான நிலையம் வழியே நுழைவீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும், விசாவில் உள்ள தொடக்கத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் இறங்கினாலும் உள்ளே விடமாட்டார்கள். அச்சிட்ட தாள் இரண்டு படிகள் எடுத்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

பையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. மலிவு விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கில் போடக் கூடாது. 100 வாட்-மணிக்கு உட்பட்டதாக, அதாவது ஏறக்குறைய 27,000 மில்லி ஆம்பியர்-மணிக்குள் இருந்தால் தொல்லையில்லை. அங்கும் 220 வோல்ட்தான். நம் செல்பேசி சார்ஜரின் இரண்டு உருண்டை முனைகள் பெரும்பாலான இடங்களில் பொருந்தும், ஆனால் மடிக்கணினியின் மூன்று முனைப் பிளக் பொருந்தாது. இவற்றைவிட எனக்குப் பெரிய வசதியாக இருந்தவை இரண்டு ஈரிழைத் துண்டுகளும் இரண்டு கைலிகளும். பயணக் கடைகளில் விற்கும் செயற்கை நூல் துண்டு தண்ணீரைத் தள்ளுகிறதே தவிர உடம்பைத் துவட்டுவதில்லை. ஈரிழைத் துண்டு பிழிந்து விரித்தால் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். கைலி இரவு உடையாகவும், பேருந்தில் போர்வையாகவும், ஐயத்துக்குரிய மெத்தையின் மேல் விரிப்பாகவும், அழுக்குத் துணி கட்டும் மூட்டையாகவும் நான்கு வாரமும் உழைத்தது.

மார்ச் மாதம் என்பதால் துணி காய்வதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வட வியட்நாமில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ‘நோம்’ என்று அவர்கள் சொல்லும் ஒரு ஈரக் காலம் உண்டு. கடலிலிருந்து வரும் ஈரக் காற்று, குளிர்காலத்தில் குளிர்ந்துபோன தரையிலும் சுவரிலும் பட்டு நீராக வழியும். மழை பெய்யாமலே படிக்கட்டு நனைந்திருக்கும், கண்ணாடி வியர்த்திருக்கும். ஹனோயில் நான் இரவு அலசிப் போட்ட சட்டை மூன்றாம் நாளும் ஈரமாகவே இருந்து, புளித்த நாற்றம் எடுக்கத் தொடங்கியது. சன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். சன்னலைச் சாத்திவிட்டு ஏசியின் ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட நிலையை வைத்துவிட்டால் அறையின் ஈரம் இறங்கித் துணி காய்கிறது. இதை விடுதியில் தரை துடைக்கும் அம்மா எங்களுக்குச் செய்துகாட்டினார்.

அதைவிட எளிது, சலவைக் கடையில் கிலோ கணக்கில் கொடுத்துவிடுவது. காலையில் கொடுத்தால் மாலையில் உலர்த்தி மடித்துத் தருவார்கள். நாங்கள் இருவரின் துணிகளையும் ஒரே பையில் கொடுத்துவிட்டு, பலகையில் இருந்த ‘ஸாட் லா’ என்ற பெயரைப் புகைப்படம் எடுத்துக்கொண்டோம். மாலையில் அந்தப் பெயரைக் காட்டி விசாரித்தபோது ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். அது கடையின் பெயரன்று, சலவை என்பதே அதன் பொருள். எல்லாக் கடையிலும் அந்தப் பலகைதான் இருக்கும் (தெற்கே போனால் அதுவே ‘யாட் உய்’ ஆகிவிடும்). ரசீது அவரிடம் இருப்பதாக நானும், என்னிடம் இருப்பதாக அவரும் நினைத்திருந்தோம், அது அறையில் மேசை மேல் கிடந்தது. இருட்டிய பிறகு கடையைக் கண்டுபிடித்தோம். வாசல் எண்ணைத் தெருப்பெயரோடு சேர்த்துப் படமெடுங்கள். அந்த எண்ணிலும் நாம் தவறாகப் படிக்கக்கூடிய ஒன்று உண்டு. சென்னையில் 12/5 என்றால் புது எண், பழைய எண் என்று நமக்குப் பழக்கம். வியட்நாமில் 12/5 என்றால் அந்தத் தெருவில் 12 என்ற எண்ணிட்ட சந்துக்குள் நுழைந்து, உள்ளே 5ஆம் எண் வீட்டைத் தேட வேண்டும் என்று பொருள். சைகோனில் சந்துக்குள் சந்து பிரிந்து எண்ணில் இரண்டு சாய்கோடுகூட வரும். இது தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

அறைகளைப் பொறுத்தவரை, ஹனோய்ப் பழைய நகரத்தின் வீடுகள் முகப்பு குறுகி உள்ளே நீண்டு செல்பவை; அதனால் நடுவில் அமையும் அறைகளுக்குச் சன்னலே இருக்காது. விலை குறைந்த அறைக்கு அதுதான் காரணமாக இருக்கும். ஓரிரவுக்குச் சரி, மூன்று இரவுக்குச் சன்னல் உள்ள அறைக்கே பணம் கொடுங்கள், நேரம் தெரியாமல் விழிப்பது இருவரின் மனநிலையையும் கெடுக்கிறது. இருவருக்கும் ஒரே கனத்த போர்வைதான் தருவார்கள். இன்னொன்று கேட்டால் மறுக்காமல் கொடுப்பார்கள். வடக்கே ‘சான்’, தெற்கே ‘மென்’ என்று கேட்க வேண்டும். ஏசி 18இல் வேண்டுமா 26இல் வேண்டுமா என்ற வழக்கு எங்கள் வீட்டில் தீர்ந்ததே இல்லை, இரண்டாவது போர்வை அதை ஒரே இரவில் தீர்த்தது. கழிப்பறையில் நம் ஊரைப் போலவே கைக்குழாய் பெரும்பாலும் இருக்கும். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம்; ஐரோப்பாவில் இரண்டு வாரம் தாளோடு அவதிப்பட்டுத் திரும்பியவர்களைக் கேட்டால் இதன் மதிப்புப் புரியும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, ஆனால் அறையில் மின்கெண்டி இருக்கும், விடுதிகளில் கேன் தண்ணீரும் நிரப்பித் தருவார்கள்.

சாலையைக் கடப்பது தம்பதியருக்கு மட்டும் கூடுதல் ஆபத்தானது என்று சொன்னால் வியப்பாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. அங்கே இருசக்கர வண்டிகள் நமக்காக நிற்பதில்லை, நம்மைச் சுற்றிப் போகின்றன. நாம் ஒரே வேகத்தில் மெதுவாக நடந்தால், நாம் அடுத்து எங்கே இருப்போம் என்று அவர்கள் கணித்து விலகிக்கொள்வார்கள். நடுவில் நிற்பதும் பின்வாங்குவதும்தான் விபத்து. கைகோத்துச் செல்லும் இருவரில் ஒருவர் பயந்து மற்றவரைப் பின்னால் இழுத்தால், அந்த இழுப்பை எந்த வண்டிக்காரராலும் கணிக்க முடியாது. முதல் நாள் நான் அவரை அப்படி இழுத்து, ஒரு வண்டியின் கண்ணாடி அவர் முழங்கையை உரசிச் சென்றது. அதன்பின் கையை விட்டுவிட்டோம். வண்டி வரும் பக்கம் நிற்பவர் ‘போலாம்’ என்றால் இருவரும் ஒரே அடியாக இறங்கி, எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை நிற்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். பேருந்தும் லாரியும் மட்டும் விலகாது, அவற்றுக்கு வழி விட்டுவிடுங்கள்.

பணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. 20,000 டோங் தாளும் 500,000 டோங் தாளும் இரண்டுமே நீல நிறம், இரண்டுமே பிளாஸ்டிக் தாள். ஹனோயில் ஓர் அந்திப்பொழுதில், நடைபாதையில் தாழ்ந்த பிளாஸ்டிக் முக்காலிகளைப் போட்டு ஐஸ் தேநீர் விற்கும் ஒரு பாட்டியிடம், இரண்டு குவளைக்காக என் கணவர் ஒரு நீலத் தாளைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். பத்தடி போவதற்குள் பாட்டி பின்னாலேயே வந்து அவர் சட்டையைப் பிடித்தார். எங்களை விளக்கடிக்கு அழைத்துப் போய், தம் மடியிலிருந்து ஒரு 20,000 தாளை எடுத்து எங்கள் 500,000 தாளின் பக்கத்தில் வைத்து, சுழியங்களை விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நான்கு, பிறகு ஐந்து. அந்த விரல் நுனி தேநீர்க் கறையால் பழுப்பேறியிருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிரவே 500,000 தாள்களை எல்லாம் தனி உறையில் போட்டுப் பையின் உள்ளறையில் வைத்துவிட்டோம். நீங்கள் முதல் நாளே அப்படிச் செய்துவிடுங்கள். இருவரிடமும் தனித்தனியாக ஒரு வங்கி அட்டையும் இரண்டு நாள் செலவுக்குப் பணமும் எப்போதும் இருக்கட்டும்.

இனி உணவு. நீங்கள் சைவம் என்பதால் உறவினர் எல்லோரும் உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். பயம் தேவையில்லை, ஒரு சொல் தெரிந்தால் போதும், அது ‘சாய்’. ‘தோய் ஆன் சாய்’ என்றால் நான் சைவம் சாப்பிடுபவள். இங்கே ‘தோய்’ என்பதில் வருவது நம் ‘த’வுக்கு மிக நெருங்கிய ஒலிதான். ஆனால் ஏற்ற இறக்கம் மாறினால் பொருள் மாறும் மொழி என்பதால், அதை எழுத்தில் செல்பேசியில் வைத்துக் காட்டுவது நல்லது. ‘கோம் சாய்’ என்ற பலகை மாட்டிய கடை முழுச் சைவம். பௌத்த வழக்கப்படி வியட்நாமியர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும் வரும் நாள்களில், சைவம் மட்டுமே உண்கிறார்கள். அந்த நாள்களில் வழக்கமான கடைகளிலும் சைவம் கிடைக்கும், சைவக் கடைகளில் இடம் கிடைப்பதுதான் கடினம். பௌத்த மடங்கள் நிறைந்த ஹுவே நகரம் சைவச் சமையலுக்குப் பேர்போனது. மற்றக் கடைகளில் காய்கறி மட்டும் போட்டுத் தருகிறேன் என்பார்கள், ஆனால் ‘நுவோக் மாம்’ என்னும் மீன் சாறு அதில் இருக்கும். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, மீனாகக் கணக்கில்லை. ‘கோங் நுவோக் மாம்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள், கோங் என்றால் வேண்டாம், இல்லை. காப்பிக்குக் கவலையே இல்லை. கண்ணாடிக் குவளையின் மேல் உட்காரும் சிறிய உலோக வடிகட்டியில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தால் நம் வீட்டுப் பித்தளைப் பில்டரின் பேத்தி என்றே தோன்றும். பாலுக்குப் பதில் கெட்டிப்பால், அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனாலும் பத்தாம் நாள் வாக்கில் நாக்கு வீட்டைக் கேட்கும். அதற்கு மருந்து தயிர்சோறு, அது அங்கே சாத்தியம். ‘ஸூவா சுவா’ என்றால் தயிர், எல்லாச் சிறு அங்காடியிலும் 100 கிராம் கிண்ணங்களாகக் கிடைக்கும். வழக்கமாகக் கிடைப்பது சர்க்கரை சேர்த்தது. நான் முதல் முறை அதைச் சோற்றில் பிசைந்து, ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிட்டேன். ‘கோங் டூவோங்’, அதாவது சர்க்கரை இல்லாதது என்று கிண்ணத்தில் எழுதியிருப்பதைத் தேடி எடுக்க வேண்டும். இரண்டாம் பயணத்தில், டா நாங்கிலிருந்து சைகோன் செல்லும் ரயிலில் ஏறுமுன் நிலையத்துக்கு எதிர்ச் சோற்றுக்கடையில் வெறும் சோறு இரண்டு பொட்டலமும், அங்காடியில் அந்தத் தயிர் நான்கு கிண்ணமும் வாங்கினோம். ஊரிலிருந்து கிளம்பும்போதே என் மாமியார் மோர்மிளகாயைப் பொரித்து, ஆறவைத்து, ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் அடைத்துத் தந்திருந்தார்கள். இரவு எட்டு மணிக்குக் கீழ்ப் படுக்கையில் எதிரெதிரே உட்கார்ந்து, சோற்றுப் பெட்டியிலேயே தயிரைக் கொட்டி, உப்புப் பொட்டலத்தைக் கிழித்துப் போட்டுக் கையால் பிசைந்தோம். சோறு சற்று ஒட்டும் வகை, தயிர் புளிக்காதது, தாளிப்பு இல்லை. ஆனால் மோர்மிளகாயைக் கடித்ததும் அந்தச் சத்தத்திலேயே எங்கள் இருவருக்கும் கண் நிறைந்துவிட்டது. மேல் படுக்கையில் இருந்த ஒரு முதியவர் குனிந்து பார்த்தார். அவருக்கும் ஒரு மிளகாய் கொடுத்தோம், அவர் பதிலுக்கு இரண்டு ஆரஞ்சு தந்தார். ஊறுகாய் கொண்டுபோகாதீர்கள், எண்ணெய் கசிந்து ஒரு பையையே பாழாக்கும். பருப்புப் பொடியும் மோர்மிளகாயும் போதும்.

ஊர் விட்டு ஊர் செல்ல, முடிந்தவரை ரயிலையே நான் பரிந்துரைப்பேன். ஹனோய் முதல் சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதை 1936இல் முடிக்கப்பட்டு, போரில் துண்டு துண்டாகி, 1976 டிசம்பர் 31 அன்று மீண்டும் முழுமையாக ஓடத் தொடங்கியது. ஒரு மீட்டர் அகலப் பாதை என்பதால், பெட்டி ஆடும் ஆட்டம் நம் பழைய மீட்டர் கேஜ் வண்டிகளை நினைவூட்டும். மொத்தத் தொலைவையும் கடக்க 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹனோயிலிருந்து ஹுவே 688 கிலோமீட்டர், ஓர் இரவுப் பயணம். நான்கு படுக்கை அறையில் கீழ்ப் படுக்கை இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டால் உட்கார்ந்து சாப்பிடவும் பேசவும் இடம் இருக்கும். ஆறு படுக்கை அறையின் மேல் தட்டில் நிமிர்ந்து உட்காரவே முடியாது, ஏசிக் காற்றும் நேராக முகத்தில் அடிக்கும். பெட்டியின் கோடியில் வெந்நீர்க் குழாய் உண்டு, டம்ளர் ஒன்றை வெளியே எளிதாக எடுக்கும்படி வையுங்கள். ஹுவேயிலிருந்து டா நாங் வரும் ஹாய் வான் மலைப் பகுதியைப் பகலில் கடக்கும்படி வண்டியைத் தேர்ந்தெடுங்கள்; தெற்கே போகையில் கடல் இடப்பக்கம் வரும். படுக்கைப் பேருந்தில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் தரும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கால் நீட்டும் பெட்டி குட்டையானது, என் கணவரைப் போல் ஆறடி உயரம் இருந்தால் இரவு முழுவதும் முழங்கால் மடங்கியே இருக்கும்.

உடம்புக்கு வருவது எப்படியும் ஒரு முறை வரும். ஹோய் ஆனில் ஓர் இரவு அவருக்கு வாந்தியும் பேதியும் தொடங்கி விடியும்வரை நிற்கவில்லை. அங்கே மருந்துக்கடையில் ‘ஓரேசோல்’ என்று கேட்டால் நம் ஓஆர்எஸ் தூள் கிடைக்கும். நான் நம் ஊரின் ஒரு லிட்டர் பொட்டலம் என்ற பழக்கத்தில் கலக்கப் போனேன். பொட்டலத்தின் மேல் 200 மில்லி என்று இருந்தது. அளவு தவறினால் நீர்த்துப்போய்ப் பயனில்லாமல் ஆகும், அல்லது உப்பு மிகுந்து ஆபத்தாகும் என்பதால் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவையே பின்பற்ற வேண்டும். மறுநாள் அவருக்குக் கைகொடுத்தது ‘சாவ்’ என்னும் அரிசிக் கஞ்சி. காலையில் தெருவோரக் கடைகளில் அது சுடச்சுடக் கிடைக்கும். ஒன்றும் சேர்க்காமல் வெறும் கஞ்சி கேட்டு வாங்கி, உப்புப் போட்டுக் கொடுத்தேன், அதுதான் முதலில் வயிற்றில் தங்கியது. இரத்தம் கலந்தாலோ, கடும் காய்ச்சல் இருந்தாலோ, பல மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆம்புலன்ஸ் 115, காவல்துறை 113. டெங்கு உள்ள நாடு என்பதால் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும்தான், ஆஸ்பிரினும் ஐபுபுரூபனும் கூடாது. அன்றிரவு காப்பீட்டு எண் அவருடைய செல்பேசியில் மட்டும் இருந்தது, அதன் கடவுச்சொல் எனக்குத் தெரியவில்லை. அவர் அதைச் சொல்லும் நிலையில் இல்லை. இருவரின் காப்பீட்டு விவரமும் இருவரிடமும், தாளில் இருக்கட்டும்.

காப்பீடு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வாடகைப் பைக்கில் சுற்ற ஆசை வரும், கடைக்காரர் உரிமம் கேட்கவே மாட்டார். இந்தியா வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின்படியானதை. ஆகவே நம் அனுமதியோடு ஓட்டுவது அங்கே உரிமமில்லாமல் ஓட்டுவதற்குச் சமம், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும். ஹாய் வான் மலைச்சாலைக்கு நாங்கள் ஓட்டுநரோடு இரண்டு பைக் வாடகைக்கு எடுத்தோம். காட்சி அதேதான்.

கடைசியாக, நாங்கள் தொலைந்த கதை. சைகோனில் முதல் நாள், நல்ல மதிய வெயிலில் விடுதிக்குப் போக என் கணவர் பைக் டாக்சி அழைத்தார். ஒரு வண்டியில் ஒருவர்தான் ஏற முடியும். சிம் அட்டை அவருடைய செல்பேசியில் மட்டும் இருந்தது. செலவு மிச்சம் என்று ஒன்றே போதுமென்று முடிவு செய்தது நான்தான். “நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வர்றேன்” என்று என்னை ஏற்றிவிட்டார். என்னை இறக்கிவிட்ட இடத்தில் விடுதியின் பெயர் சரியாக இருந்தது, ஆனால் உள்ளே எங்கள் பெயரில் பதிவு இல்லை. அதே பெயரில் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கிளை இருப்பதை வரவேற்பில் இருந்த பெண் சொன்னார். அந்த இன்னொரு கிளைக்கு நான் நடந்து போன நேரத்தில், அவர் என்னைத் தேடி முதல் கிளைக்கு வந்துவிட்டார். என்னிடம் இணையமும் இல்லை, பணமும் இல்லை, அவருடைய எண்ணைத் தவிர எதுவும் இல்லை. நிழலுக்காக ஒரு காப்பிக் கடையின் ஓரத்தில் நின்றேன். அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பெண், நான் எதுவும் வாங்காமலே உள்ளே உட்காரவைத்து, சுவரில் ஒட்டியிருந்த வைஃபை கடவுச்சொல்லைச் சுட்டிக்காட்டி, ஐஸ் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். ஐம்பது நிமிடம் கழித்து என் கணவர் வந்தார். இருவருக்குமே அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அன்று மாலை முழுவதும் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் எனக்கும் ஒரு சிம் வாங்கினோம். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், அரை மணி நேர வேலை. அதோடு, எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாக ஒரு சந்திப்பிடம் குறித்துக்கொள்ளும் பழக்கமும் அன்று வந்தது: செல்பேசி செத்துப்போனாலும் வழி கேட்டுச் சென்றுவிடக்கூடிய, உட்கார இடமுள்ள ஓர் இடம். இரண்டாம் பயணத்தில் ஹனோய்க்கு ஹோவான் கியெம் ஏரியின் சிவப்பு மரப்பாலம், ஹோய் ஆனுக்கு ஜப்பானியப் பாலம், சைகோனுக்கு மாரியம்மன் கோயில். ஆம், பென் தான் சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில், துரோங் டின் தெருவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வாணிகம் செய்த தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே ஊதுவத்தி ஏற்றி வணங்குபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனருமே.

சந்திப்பிடம் குறித்த பிறகு, தொலைந்துவிடுவோம் என்ற பயம் போய், வேண்டுமென்றே பிரிந்து நடக்கவும் துணிந்தோம். நான்கு வாரம் ஒரே அறை, ஒரே மேசை, ஒரே பேருந்து என்று இருந்தால் எவ்வளவு அன்பானவர்களும் சிடுசிடுப்பார்கள். எங்கள் சண்டைகள் பெரும்பாலும் பகல் ஒரு மணிக்கு, பசியோடு, அடுத்து எங்கே போவது என்று தெருவில் நின்று முடிவு செய்யும்போதுதான் வந்தன. அதனால் அடுத்த நாளின் மதியச் சாப்பாட்டுக் கடையை முந்தைய இரவே குறித்துவிடுவோம். சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் அவரவர் வழி. அவர் பழைய இயந்திரங்கள் விற்கும் சந்தையில் அலைவார், நான் ஏதாவது ஒரு காப்பிக் கடையில் எழுதிக்கொண்டிருப்பேன். நான்கு மணிக்குக் கோயில் வாசலில், மல்லிகைப் பூ விற்கும் அம்மாவின் பக்கத்தில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருப்பார், கையில் இரண்டு இளநீரோடு.